இருட்டுவதற்குள் கிளம்புங்கள்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தை முன்னிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, நாகை மாவட்டக் கடலோரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: என் மாமியாருக்கு 78 வயது. கஜா புயலின்போது ஓட்டு வீட்டை விட்டு வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். ஓடுகள் பறக்க ஆரம்பித்த பிறகு பக்கத்து மாடி வீட்டுக்காரர்கள்தான் வந்து தூக்கிச் சென்றார்கள். இன்றும் அதே பிடிவாதம். என்ன செய்வது?
– வாசகி, வேதாரண்யம் வட்டம்

அவர் ஏன் வர மறுக்கிறார் என்று வெயில் காயும் ஒரு நாளில், அவசரமில்லாமல் கேட்டுப் பாருங்கள் அம்மா. புயல் அறிவிப்பு வந்த பிறகு கேட்டால் பதில் வராது, கோபம்தான் வரும். முகாமுக்கு அழைக்க வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். சிலருக்கு மாட்டை விட்டு வர மனம் இருக்காது. சிலருக்கு பெட்டியில் இருக்கும் நகையும் பட்டாவும் கவலை. ஆனால் பெண்களில் பலர் வாய்விட்டுச் சொல்லாத காரணம் கழிப்பறை. மூட்டு வலியோடு பள்ளிக்கூடத் தரையில் படுக்க வேண்டும். இரவில் இரண்டு மூன்று முறை எழ வேண்டும். ஊரார் அத்தனை பேரையும் தாண்டிப் போக வேண்டும். அந்தக் கூச்சத்தில்தான் பலர் வீட்டிலேயே கிடந்துவிடுகிறார்கள். அதைப் பிடிவாதம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

எனவே, முகாமுக்கு வரச் சொல்வதற்கு முன் உறவினர் அல்லது அண்டை வீட்டாரின் கான்கிரீட் வீடு ஒன்றை இப்போதே பேசி வையுங்கள். நடுவில் துளையிட்ட பிளாஸ்டிக் நாற்காலி மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. அதை அவருடனேயே அனுப்புங்கள். பட்டா, ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை நீர் புகாத உறையில் போட்டு அவர் கையிலேயே கொடுங்கள். மாட்டை மேட்டு நிலத்துக்கு ஓட்டிச் செல்லுங்கள். முடியாவிட்டால் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். கட்டுத்தறியில் கட்டிக் கிடந்தால் அது தப்ப வழியே இல்லை. இதை அவர் கண் முன்னால் பேசி முடிவு செய்தால் பாதி மனம் இறங்கிவிடுவார்.

மீதி, நேரம். கஜா 2018 நவம்பர் 16 அன்று, நள்ளிரவு தாண்டி, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அந்த இருட்டில், மரம் முறிந்து விழும் சாலையில் ஒரு முதியவரை நடத்திக்கொண்டு போக யாராலும் முடியாது. எச்சரிக்கை வந்த அன்று மாலை ஐந்து மணிக்குள் அவர் மாறியிருக்க வேண்டும். இன்னொன்றும் சொல்லி வையுங்கள்: நடுவில் காற்று திடீரென நின்றுபோனால் புயல் முடிந்துவிட்டது என்று கதவைத் திறக்கக் கூடாது. புயலின் கண் கடந்ததும் எதிர்த் திசையிலிருந்து மறுபடி அடிக்கும்.

கேள்வி: துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றினால் எங்கள் ஊர் பயப்பட வேண்டுமா?
– வாசகர், திருச்செந்தூர்

1 முதல் 11 வரையிலான அந்தக் கூண்டுகள் கப்பல்களுக்கான அறிவிப்பு. 8, 9, 10 ஆகியவை பெரும் அபாயம். 11 என்றால் எச்சரிக்கை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வானிலை மையம் மாவட்டவாரியாக அறிவிக்கும் நிறம். சிவப்பு என்றால் ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் மழை பெய்யக்கூடும். உங்களுக்குப் பக்கத்திலேயே, காயல்பட்டினத்தில், 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. அப்போது புயலே இல்லை. கூண்டுக்காகக் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: தரைத்தளத்தில் குடியிருக்கிறோம். அம்மா இன்சுலின் போட்டுக்கொள்பவர். மின்சாரம் போனால் என்ன செய்வது?
– வாசகி, முடிச்சூர்

தினமும் பயன்படுத்தும் இன்சுலின் குப்பியை உறையில் கட்டி, ஈரமான மண்பானைக்குள் நிழலில் வையுங்கள். ஐஸ் கட்டியோடு சேர்த்து வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் பயன்படாது. இரண்டு வாரத்துக்கான மருந்தும் ஊசியும் அக்டோபர் முதலே கையிருப்பில் இருக்கட்டும். மருந்துச் சீட்டின் நகல் ஒன்றும் வேண்டும். சாப்பாடு தாமதமாகி சர்க்கரை இறங்கிவிட்டால் உடனே கொடுக்கக் கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸோ அவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தபோது கைப்பேசிக் கோபுரங்களும் செயலிழந்தன. மகன் எண்ணைக்கூட மனப்பாடமாகச் சொல்ல முடியாமல் தவித்தவர்கள் எத்தனையோ பேர். முக்கியமான எண்களைத் தாளில் எழுதி வையுங்கள். மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077, ஆம்புலன்ஸ் 108 ஆகியவையும் அதில் இருக்கட்டும். தண்ணீர் வாசற்படியைத் தொடும் முன்பே மெயின் சுவிட்சை அணைத்து, எரிவாயு உருளையை மூடி, அம்மாவை மாடி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். எந்த மாடி வீடு என்பதை அவர்களிடம் இந்த வாரமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் மீனவக் கிராமத்து இளைஞர்கள் சேர்ந்து 40,000 ரூபாய் திரட்டியிருக்கிறோம். ரப்பர் படகு வாங்கலாமா?
– இளைஞர்கள், கடலூர் மாவட்டம்

வேண்டாம் தம்பிகளே. 2015-இல் சென்னைத் தெருக்களில் தவித்தவர்களை மீட்க மீனவர்களின் படகுகளே வந்தன. உங்களிடம் இல்லாத படகா? பேட்டரியில் இயங்கும் ஒலிபெருக்கி, கயிறு, டார்ச் விளக்குகள், ஒரு மரம் அறுக்கும் இயந்திரம் வாங்குங்கள். கஜாவுக்குப் பிறகு சாலையில் கிடந்த மரங்களை அறுக்க ஆளும் கருவியும் இல்லாமல்தான் ஆம்புலன்ஸ்கள் ஊருக்குள் வர முடியவில்லை.

ஒலிபெருக்கியை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. உங்களுக்கு அருகில், புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு கிராமத்தில், கடல் அலையின் உயரத்தை மீனவர்களுக்குச் சொல்வதற்காக அறிவு மையத்தில் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து அந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தார். உடனே ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், ஊர் தப்பியது. நாள்தோறும் பயன்பட்ட கருவி என்பதால்தான் அன்று அது கைகொடுத்தது. நீங்களும் உங்கள் ஒலிபெருக்கியை மூட்டை கட்டி வைக்காமல் தினமும் பயன்படுத்துங்கள்.

பணம் செலவாகாத ஒரு வேலையும் இருக்கிறது. எனக்கு அதுதான் மிக முக்கியம். ஒரு நோட்டில் ஊரின் நிறைமாதக் கர்ப்பிணிகள், படுக்கையில் இருப்பவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், தனியாக வாழும் முதியவர்கள் பெயரை அவரவர் சம்மதத்தோடு எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அழைத்துப்போகும் பொறுப்பாளர்கள் இருவர், போய்ச் சேர வேண்டிய இடம், வண்டி யாருடையது என்பதும் இருக்க வேண்டும். ஒருவர் கடலுக்குப் போயிருந்தால் இன்னொருவர் இருப்பார். பிரசவ நாள் நெருங்கிய பெண்ணைப் புயலுக்கு முன்பே மருத்துவமனையில் சேர்த்துவிட வேண்டும். டயாலிசிஸ் நோயாளிக்கு ஒரு நாள் முன்னதாகவே சிகிச்சை கிடைக்குமா என்று மையத்தில் கேட்க வேண்டும். இந்தப் பட்டியல் மாதாமாதம் மாறும். உங்கள் ஊர்ச் செவிலியரை நாளைக்கே போய்ப் பாருங்கள். அந்தப் பெண்களிடம் சம்மதம் கேட்டு, பிரசவத் தேதிகளை உங்களோடு உட்கார்ந்து எழுத அவர் உதவுவார்.