டோக்கியோவில் ஐரோப்பியச் சாப்பாடு: பெரிய செலவை மதியத்தில் செய்யுங்கள்

கேள்வி: அலுவலக வேலையாக மூன்று வாரம் டோக்கியோவில் தங்கப் போகிறேன். கடைசி வாரம் மனைவியும் வந்து சேர்ந்துகொள்வார். சூஷி, ராமென் பற்றி நிறையப் படித்துவிட்டோம். அங்கே ஐரோப்பிய உணவகங்களும் பிரமாதம் என்கிறார்கள். எங்கே போகலாம்? நான் மாட்டிறைச்சி மட்டும் சாப்பிடுவதில்லை. மனைவி சைவம், முட்டை சாப்பிடுவார். ஒரே ஒரு நாள் தாராளமாகச் செலவு செய்யலாம் என்று நினைக்கிறோம்.

பதில்: அந்தத் தாராளத்தை இரவில் காட்டாதீர்கள். டோக்கியோவின் உயர்தர பிரெஞ்சு, இத்தாலிய உணவகங்கள் பலவும் மதியத்தில் திறக்கின்றன. சமையலறையும் சமையல்காரரும் அதேதான். ஓரிரு பதார்த்தங்கள் குறையும், விலையோ கணிசமாக இறங்கிவிடும். 2007 இறுதியில், உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுத்துத் தரம் பிரிக்கும் மிஷெலின் கையேடு முதன்முதலாக இந்த ஊருக்கு வந்தபோதே பாரிஸைவிட அதிக நட்சத்திரங்களை டோக்கியோவுக்குக் கொடுத்தது. அந்த முதல் பதிப்பிலேயே மூன்று நட்சத்திரம் வாங்கியது, எபிசு பகுதியில் 1994 முதல் பிரெஞ்சுக் கோட்டை வடிவத்தில் நிற்கும் ஜோயல் ரோபுஷான் உணவகம். படம் எடுத்துக்கொள்ள அருமையான இடம். சாப்பிட என்றால் என் ஓட்டு நிஷி அசாபுவில் உள்ள லெஃபெர்வெசான்ஸுக்கு. அங்கே பேர்போன பதார்த்தம் ஒரு டர்னிப் கிழங்கு. முழுக் கிழங்கை நான்கு மணி நேரம் மெல்லிய சூட்டில் வேகவைத்து, பிறகு ஒரு பக்கம் பொன்னிறமாகச் சிவக்க வைத்துக் கொண்டுவருவார்கள். மதியம் எந்தெந்த நாள்களில் திறக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு முன்பதிவு செய்யுங்கள்.

அந்தக் கிழங்கோடு வழக்கமாகப் பன்றி ஹாம் துணுக்குகளும் வரும். உங்கள் மனைவிக்கு இந்த ஊரில் உள்ள சிக்கல் இதுதான். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. சாலடில் பேக்கன், சூப்பில் எலும்புச் சாறு, பாஸ்தாவில் ஆன்சோவி மீன் என்று ஏதாவது ஒன்று எட்டிப் பார்க்கும். இறைச்சி, கோழி, மீன், பேக்கன், எலும்புச் சாறு எதுவும் கூடாது, முட்டையும் பாலும் சரி என்று விவரமாக ஜப்பானிய மொழியில் எழுதி, முன்பதிவின்போதே அனுப்பிவிடுங்கள். உயர்தர உணவகங்கள் இரண்டு மூன்று நாள் முன்னால் சொன்னால் பெரும்பாலும் ஏற்பாடு செய்வார்கள். முடியாது என்றால் முடியாது என்று அப்போதே சொல்லிவிடுவார்கள். மேஜையில் உட்கார்ந்த பிறகு கேட்டால் எந்தக் கடையிலும் சங்கடம்தான்.

இருவரும் ஒரே மேஜையில் ஒரே தட்டில் கைவைக்க வேண்டுமானால் பிட்சாவுக்குப் போங்கள். ஒரே ஒரு கடைக்குத்தான் நேரம் என்றால் நகமெகுரோவில் உள்ள செய்ரின்கான். சுசுமு காகினுமா என்ற கைதேர்ந்தவரின் கடை. நேப்பிள்ஸ் பாணி பிட்சாவை டோக்கியோவில் பரப்பியவர்களில் அவர் முக்கியமானவர். பட்டியலில் இரண்டே பிட்சாதான்: மார்கரீட்டா, மரினாரா. பின்னணியில் பீட்டில்ஸ் பாட்டு. மார்கரீட்டாவைத்தான் எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் மரினாராவைத் தவறவிடாதீர்கள். தக்காளி, பூண்டு, ஓரிகனோ, எண்ணெய், அவ்வளவுதான், சீஸ் கிடையாது. ஒளிந்துகொள்ள இடமில்லாத பிட்சா அது. மாவு சரியில்லை என்றால் முதல் கடியிலேயே தெரிந்துவிடும். விறகு அடுப்பில் ஒன்றிரண்டு நிமிடத்தில் வெந்து, ஓரம் உப்பிக் கரும்புள்ளி விழுந்து, நடுவில் சாறு தேங்கி வரும். சூட்டோடு சாப்பிட வேண்டும்; அரட்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

டோக்கியோவில் வேறு சில பிட்சாக் கடைகளில் இன்னொரு வழக்கம் உண்டு. நாம் தோசைக்கல்லில் தண்ணீர் தெளிப்பதைப் போல, பிட்சாவை உள்ளே விடும் முன் அடுப்புத் தரையில் ஒரு பிடி உப்பை வீசுகிறார்கள். அடிப்பாகத்தில் அங்கங்கே உப்பு கரிக்கும். எனக்கு அது பிடிக்கும். சிலருக்குத் தூக்கலாகத் தோன்றலாம்.

மனைவி வருவதற்கு முந்தைய வாரங்களில் நீங்கள் யோஷோகு கடைகளுக்குப் போய்விடுங்கள். மெய்ஜி காலத்தில் (1868–1912) ஐரோப்பியச் சமையலைக் கற்ற ஜப்பானியர்கள் அதைச் சோற்றுக்கு ஏற்றபடி மாற்றிய சமையல் இது. கின்சாவில் உள்ள ரெங்காதெய் 1895 முதல் நடக்கிறது. பன்றிக் கட்லெட்டுக்குப் பக்கத்தில் வேகவைக்காத முட்டைக்கோஸை மெல்லிய இழைகளாக நறுக்கி வைக்கும் வழக்கம் இங்கேதான் தொடங்கியது என்பார்கள். ஆனால் ஹம்பர்க் என்ற கறிக்கட்டியில் மாடும் பன்றியும் கலந்திருக்கும்; ஹயாஷி ரைஸ் மாட்டிறைச்சிதான்; கரும்பழுப்பு டெமிகிளாஸ் சாஸிலும் பெரும்பாலும் மாட்டு எலும்புச் சாறு இருக்கும். ஆம்லெட்டில் சோற்றைப் பொதிந்து தரும் ஓமுரைஸில் பொதுவாகக் கோழி இருக்கும். சில இடங்களில் கொத்துக்கறி. கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கட்லெட்டும் வறுத்த இறாலும் உங்களுக்குத் தோதானவை. மனைவியை இந்தக் கடைகளுக்கு அழைத்துப் போவதில் பயனில்லை.

அவருக்குக் ககுராசாகா. இதாபாஷி ரயில் நிலையத்துக்கு அருகே, பிரெஞ்சு மொழிக் கல்வி நிறுவனம் 1952 முதல் இருப்பதால் பிரெஞ்சுக்காரர்கள் புழங்கும் பகுதி. அங்கே லெ பிரெதாஞ் என்ற கடையில் பிரான்ஸின் பிரித்தானி பகுதியின் கலெத் கிடைக்கும்: பக்வீட் என்ற தானியத்தின் மாவில் மெல்லிசாக ஊற்றி, முட்டை, சீஸ், காளான் வைத்து நாலா பக்கமும் மடித்தது. ஹாம் இல்லாமல் கேளுங்கள். பக்வீட் சிலருக்கு ஒவ்வாமை தரும். ஜப்பானிய சோபா நூடுல்ஸிலும் அதே மாவுதான்.

பில்லைப் பற்றி: உட்கார்ந்து சாப்பிட்டால் 10% வரி. பெரிய உணவகங்களில் சேவைக் கட்டணம் 10% அல்லது சற்று மேல். டிப்ஸ் கொடுக்க வேண்டாம். வைத்துவிட்டு வந்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள். இரவில் பிஸ்ட்ரோ எனப்படும் சிறிய பிரெஞ்சு பாணிக் கடைகளில் ஆளுக்குச் சில நூறு யென் இருக்கைக் கட்டணம் சேர்ப்பது வழக்கம், ஏமாற்று அல்ல. முன்பதிவுக்குக் கார்டு எண் கேட்பார்கள். அன்றைக்கே ரத்து செய்தால் முழுத் தொகையும் போகக்கூடும்.

மதியச் சாப்பாட்டுக்குக் கடைசி ஆர்டர் பெரும்பாலும் இரண்டு மணியளவில் முடிந்துவிடும். பிறகு மாலை ஐந்தரை, ஆறு வரை நல்ல கடைகள் பூட்டிக் கிடக்கும். இடையில் பசித்தால் சாய்செரியா என்ற மலிவு இத்தாலியச் சங்கிலிக் கடை எந்தப் பகுதியிலும் கண்ணில் படும். அங்கே பேர்போன மிலானோ தோரியா என்ற, அடுப்பில் சுட்ட சோற்றுப் பதார்த்தத்தில் இறைச்சிச் சாஸ் உண்டு, அது உங்கள் இருவருக்குமே ஆகாது. சில நூறு யென்னுக்குக் கிடைக்கும் மார்கரீட்டாவைச் சொல்லுங்கள்.