நிலம் நின்ற பிறகும் நடுங்கும் பிள்ளைகள்: கேள்வி பதில்

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை பகல் 12.50-க்கு பர்மாவின் (மியான்மர்) மாண்டலே, சகாய்ங் பகுதிகளை உலுக்கிய 7.7 அளவு நிலநடுக்கத்துக்குப் பிறகு ஐந்து மாதங்கள் ஓடிவிட்டன. மாண்டலே, பியின்மனா, பெகு, ரங்கூன் ஆகிய ஊர்களிலுள்ள நம் தமிழ்க் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். நான் குழந்தைநல மருத்துவர். 2008 மே மாதம் நர்கிஸ் புயல் ஐராவதி டெல்டாவை அழித்த பிறகு, அங்கிருந்த முகாம்களில் பிள்ளைகளுடன் பல மாதங்கள் வேலை செய்தவள். பிள்ளையை நேரில் பார்க்காமல் எந்த நோய்ப் பெயரையும் சூட்ட மாட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டாக்டரம்மா, என் ஐந்து வயது மகன் காலிப் பால் டப்பாக்களை அடுக்கி, "ஙலியின்!" (பர்மிய மொழியில் நிலநடுக்கம்) என்று கத்தித் தள்ளிவிடுகிறான். ஒரு பொம்மையை எப்போதும் அடியில் வைத்துவிட்டுத்தான் அடுக்குகிறான். இப்படி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நடக்கிறது. டப்பாக்களை ஒளித்து வைத்துவிடலாமா?

ஒளிக்க வேண்டாம் அம்மா. பெரியவர்கள் நடந்ததைத் திரும்பத் திரும்பப் பேசி ஆற்றிக்கொள்கிறோம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதற்கான சொற்கள் இல்லாததால் கைகளால் சொல்கிறான். ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சாதாரண விளையாட்டில் கதை நாளுக்கு நாள் மாறும், பிள்ளை சிரிப்பான், சலித்ததும் எழுந்து போவான். அதிர்ச்சியில் மாட்டிக்கொண்ட விளையாட்டிலோ கதை இம்மியும் மாறாது, முடிவும் மாறாது, விளையாடி முடித்த பிள்ளையின் முகத்தில் தெளிவும் இருக்காது.

நீங்கள் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். இரண்டு நாள் வெறுமனே பாருங்கள். பிறகு, "இந்தப் பொம்மை உள்ளே இருக்கிறதே, அதை யார் வந்து எடுப்பார்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நர்கிஸ் முகாம் ஒன்றில் ஒரு சிறுமி தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் நிரப்பி அதில் குச்சி மனிதர்களை மூழ்கடித்துக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ, ஓர் இலையைப் படகாக மிதக்கவிட்டாள். அந்த இலையை நாங்கள் யாரும் அவள் கையில் கொடுக்கவில்லை. உங்கள் மகன் கதையிலும் ஒரு படகு வருகிறதா என்று பாருங்கள். இன்னும் சில வாரங்களாகியும் வரவில்லையென்றால் நேரில் அழைத்து வாருங்கள்.

பயம் எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கிறது. எது வரைக்கும் பயம், எதற்கு மேல் நோய்?

முதல் சில வாரங்களில் தூக்கம் கெடுவது, தாயின் முந்தானையை விடாமல் பிடித்துக்கொள்வது, காரணமில்லாத வயிற்றுவலி, சத்தம் கேட்டால் துள்ளுவது ஆகிய எல்லாமே நலமான மனம் செய்யும் வேலைதான். பெரும்பாலான பிள்ளைகள் வீட்டாரின் ஆதரவிலேயே மீண்டுவிடுகிறார்கள். ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்து, படிப்பையோ விளையாட்டையோ சாப்பாட்டையோ கெடுக்கும்போதுதான் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் என்று யோசிக்கிறோம். நடந்தது கனவிலும் நினைவிலும் தானாக வந்து மோதுவது, அதை நினைவூட்டும் இடங்களையும் பேச்சையும் தவிர்ப்பது, மனம் இருண்டு பிரியமானவற்றில் நாட்டம் போய்விடுவது, உடல் எப்போதும் விறைத்துக் காவலில் நிற்பது ஆகிய நான்கும் அதன் அடையாளங்கள். சின்னப் பிள்ளைகள் இவற்றை வாயால் சொல்ல மாட்டார்கள் என்பதால்தான், 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் வரையறை நூலின் ஐந்தாம் பதிப்பில், ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கென்று தனி வரையறை வகுத்தது. பேச்சைவிட நடத்தையைப் பார்க்கச் சொல்வது அது.

நாலரை வயது மகள் மறுபடியும் படுக்கையை நனைக்கிறாள். அடித்தும் பார்த்தாயிற்று.

அடியை இன்றோடு நிறுத்துங்கள். அவள் வேண்டுமென்று செய்யவில்லை. பாதுகாப்பாக இருந்த வயதுக்கு உடல் திரும்பிப் போயிருக்கிறது. இரவில் ஒருமுறை எழுப்பிக் கூட்டிப் போங்கள், நனைந்தால் பேசாமல் துணி மாற்றுங்கள். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

என் ஒன்பது வயதுப் பேத்தி செருப்பைக் கழற்றாமல் தூங்குகிறாள். மதியச் சாப்பாட்டை வீட்டுக்குள் உண்ண மறுத்து, தட்டை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விடுகிறாள். இரவுச் சாப்பாட்டுக்கு ஒன்றும் இல்லை, மதியத்தில் மட்டும் ஏன்?

நிலம் ஆடியது மதியத்தில் அல்லவா, பாட்டி? பள்ளி விடுமுறைக் காலம், சோற்று வாசனை, மேற்கூரையின் வெக்கை என்று அந்த நொடியில் இருந்த அனைத்தையும் அவள் மூளை ஒரே முடிச்சாகக் கட்டி வைத்திருக்கிறது. மூளைக்குள் அமிக்டலா என்று பாதாம் பருப்பளவில் ஒரு பகுதி உண்டு. ஆபத்தை மோப்பம் பிடிப்பது அதன் வேலை. அதற்கு நாள்காட்டி தெரியாது. சோறு வெந்த வாசனை வந்தால், "மறுபடியும் வருகிறது, ஓடு" என்று அது மணியடித்துவிடும்.

செருப்பைப் பற்றிச் சண்டை போட வேண்டாம். கட்டிலுக்கு அடியில், கால் வைத்தால் படும் இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று பேரம் பேசுங்கள். சாப்பாட்டுக்கு முதல் வாரம் நீங்களும் வெளியே போய் உட்காருங்கள், அடுத்த வாரம் வாசற்படி, அதன் பிறகு திண்ணை, கடைசியாக உள்ளே. ஒவ்வொரு படியிலும் அவள் மனம் அடங்கும்வரை நில்லுங்கள். "இனிமேல் வரவே வராது" என்று மட்டும் சொல்லாதீர்கள். நாடு சகாய்ங் பிளவு என்ற நிலத்தடிப் பாறைப் பிளவின் மேல் இருக்கிறது, பெரிய நடுக்கத்துக்குப் பின் சின்னச் சின்ன அதிர்வுகள் மாதக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். ஒன்று வந்த உடனே உங்கள் வாக்கு பொய்யாகிவிடும். அதற்குப் பதிலாக, ஆடினால் குனிந்து, மேசைக்கு அடியில் புகுந்து, அதன் காலைப் பிடித்துக்கொள்ள விளையாட்டுப்போல் பழக்குங்கள். செய்வதற்கு ஒன்று கையில் இருக்கும் பிள்ளைக்குப் பயம் பாதியாகிறது.

சுவர் விழுந்து என் அப்பா இறந்துவிட்டார். ஆறு வயது மகனிடம் "தாத்தா ரங்கூன் போயிருக்கிறார்" என்று சொல்லி வைத்திருக்கிறோம். எப்போது உண்மையைச் சொல்வது?

இந்த வாரமே. உங்கள் மகன் தினமும் வாசலைப் பார்க்கிறானா என்று கவனியுங்கள். தாத்தா தன்னிடம் சொல்லாமல் போய்விட்டார், தன் மேல் கோபம் என்று அவன் எண்ணிக்கொண்டிருக்கக்கூடும். "தூங்குகிறார்" என்றும் சொல்ல வேண்டாம். அதைக் கேட்டுத் தூங்கவே பயந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். "தாத்தா இறந்துவிட்டார். அவர் உடம்பு இனி வேலை செய்யாது, திரும்பி வரமாட்டார். உனக்குச் சொல்லத் தெரியாமல் நாங்கள் ரங்கூன் என்றோம், அது தப்பு" என்று அவன் நம்பும் ஒருவர் மடியில் வைத்துச் சொல்ல வேண்டும். நான் சேட்டை செய்ததாலா என்று அவன் கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். கேட்காவிட்டாலும் "நீ செய்த எதனாலும் இல்லை" என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். திதி கொடுக்கும்போது அவனையும் ஒரு பிடி எள் போடச் சொல்லலாம்.

பயந்த பிள்ளைக்கு மந்திரித்துக் கயிறு கட்டலாமா? படித்தவர்கள் சிரிக்கிறார்கள்.

நான் சிரிக்க மாட்டேன். கோயிலில் திருநீறு பூசி, பாட்டி சுற்றிப் போட்டு, மணிக்கட்டில் கயிறு கட்டினால், "எனக்காக வீடே கூடி நிற்கிறது" என்பதுதான் பிள்ளைக்குப் புரிகிறது. அது மருந்துக்குக் குறைந்ததல்ல. ஆனால் "உன்னைப் பேய் பிடித்திருக்கிறது" என்று சொல்வதும், வேப்பிலையால் அடிப்பதும், பட்டினி போடுவதும் இரண்டாவது அதிர்ச்சி. கயிறு கட்டிய கையோடு மருத்துவரிடமும் வாருங்கள்.

தூக்க மாத்திரை கால்வாசி கொடுக்கலாமா?

கூடாது. அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில் தூக்கம் கெட்ட பிள்ளைகளுக்குப் பென்சோடயசபின் வகைத் தூக்க மாத்திரை தர வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனமும் 2013-இல் வழிகாட்டியிருக்கிறது. மருந்துக் கடையில் கேட்ட மாத்திரத்தில் கிடைக்கிறது என்பதற்காகக் கொடுத்துவிடாதீர்கள். படுப்பதற்கு முன் கைபேசியில் இடிந்த கட்டடங்களின் காணொளிகள் ஓடுவதை நிறுத்தினாலே பல வீடுகளில் தூக்கம் பாதி திரும்பிவிடும்.

என் பதினான்கு வயதுத் தம்பி மோட்டார் சைக்கிளைக் கண்மண் தெரியாமல் ஓட்டுகிறான், அம்மாவை எதிர்த்துப் பேசுகிறான். அழவே இல்லை. அவனுக்குப் பாதிப்பு இல்லைதானே?

இருக்கக்கூடும் தம்பி. இந்த வயதில் பயம் கோபத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். அன்று அவன் எங்கே இருந்தான், யாரை விட்டு ஓடி வந்தான் என்று யாராவது கேட்டீர்களா? ஓடியவன் கோழை இல்லை, உடம்பு மூளையைக் கேட்காமல் ஓடும் என்று அவனுக்குத் தெரியாது. தெரியாததால் தன்னையே தண்டித்துக்கொள்கிறானோ என்னவோ. எதிரே உட்கார வைத்து விசாரிக்காதீர்கள். தேநீர்க் கடைக்கு நடந்து போகும் வழியில், பக்கவாட்டில் நடந்தபடி, முதலில் உங்கள் பயத்தைச் சொல்லுங்கள். சாக வேண்டும் என்ற பேச்சு அவன் வாயில் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், தனியே விடாதீர்கள்.

கோயிலில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். நடந்ததைப் பிள்ளைகளைக் கட்டுரையாக எழுதச் சொல்லலாமா?

விரும்புகிறவர் வரையலாம், எழுதலாம். எல்லாரும் எழுதியே தீர வேண்டும் என்று சொல்லாதீர்கள். அன்று கண்டதையெல்லாம் ஒரே அமர்வில் கொட்டச் சொல்லும் முறையால் பயனில்லை, சிலருக்குக் கெடுதலும்கூட என்பதால் அதை இப்போது யாரும் பரிந்துரைப்பதில்லை. சொல்ல வற்புறுத்தவும் வேண்டாம், சொல்ல வந்தவரைத் தடுக்கவும் வேண்டாம். இன்னொன்றும் உண்டு: நம் பிள்ளைகளின் பயம் பெரும்பாலும் பர்மிய மொழியில்தான் இருக்கிறது. ஒரு சிறுமியிடம் நான் தமிழில் கேட்டபோதெல்லாம் "ஒன்றும் இல்லை" என்றவள், பர்மிய மொழியில் கேட்டவுடன் "சௌக்தே" (பயமாக இருக்கிறது) என்று முணுமுணுத்து அழுதாள். தமிழ் வகுப்பாக இருந்தாலும் அந்த நேரத்துக்கு அந்த மொழியை அனுமதியுங்கள். ஒவ்வொரு வாரமும் அதே நேரம், அதே பாட்டு, அதே சுண்டல் என்று வகுப்பு நடக்கட்டும்.

ஐந்து மாதம் தாமதித்துவிட்டோம். இனிச் சிகிச்சை பலிக்குமா?

பலிக்கும். 1988 டிசம்பர் 7-இல் ஆர்மீனியாவின் ஸ்பிதாக் நிலநடுக்கத்தில் 25,000 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். பள்ளிகள் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அங்கே சில பள்ளிகளின் மாணவர்களுக்கு, அதிர்ச்சியையும் துக்கத்தையும் குறிவைத்த உரையாடல் சிகிச்சை ஒன்றரை ஆண்டு கழித்துத்தான் கிடைத்தது. அப்படியும் அவர்கள் தேறினார்கள், சிகிச்சை பெறாத மாணவர்களின் நிலை மோசமானது. இன்று செய்யப்படும் சிகிச்சையில் பன்னிரண்டு முதல் பதினாறு அமர்வுகள் வரை இருக்கும். மூச்சை நிதானப்படுத்தப் பழகி, பயத்துக்குப் பெயர் வைத்து, பிறகு பிள்ளை தன் வேகத்தில் நடந்ததை ஒரு கதையாகச் சொல்லி முடிக்கும். பெற்றோரும் கூடவே கற்றுக்கொள்வார்கள்.

டாக்டரம்மா, லாரி போனால் வீடு அதிர்கிறது. முதலில் வெளியே ஓடுவது நான்தான். பிள்ளைகள் என்னைப் பார்த்து ஓடுகிறார்கள்.

ஓடியதற்காக வெட்கப்பட வேண்டாம். பிள்ளைகள் நிலத்தைவிட உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள் என்பது உண்மை. ஆகவே பயமில்லாததுபோல் நடிக்காமல், பயத்தை என்ன செய்வது என்று காட்டுங்கள். அதிர்வு வந்ததும் எல்லாரும் கையைப் பிடித்துக்கொண்டு, மேலே தொங்கும் விளக்கைப் பாருங்கள். ஆடவில்லையென்றால் சத்தமாக "லாரி" என்று சொல்லுங்கள். ஆடினால் மேசைக்கு அடியில் போங்கள். முதல் வாரம் உங்கள் குரல் நடுங்கும், பரவாயில்லை. உங்களுக்கும் தூக்கம் இல்லையென்றால், பிள்ளைகளை அழைத்து வரும் நாளில் உங்கள் பெயரையும் சீட்டில் எழுதிவிடுங்கள்.