நைக்ரோம் கம்பி: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறேன். டிப்ளமோ படித்தவன். பட்டறைக் கைவேலை பற்றி நீங்கள் எழுதும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். கையில் இருப்பதை வைத்துக் காரியத்தை முடிப்பவனே மெக்கானிக் என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில்தான் இதைக் கேட்கிறேன்.

சில வருடங்களாக சிகரெட் பிடிக்கிறேன். விட வேண்டும். வேப் எனப்படும் மின் சிகரெட்டுக்கு மாறினால் விட்டுவிடலாம் என்கிறார்கள் நண்பர்கள். மறைவாக விற்பவற்றின் விலை என் சம்பளத்துக்குக் கட்டாது, போலி எது அசல் எது என்றும் தெரியாது. பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து பிரித்த செல்கள் என்னிடம் இருக்கின்றன. கெட்டுப்போன ஹீட்டரில் சூடேறும் சுருளாக இருந்த நைக்ரோம் கம்பி இருக்கிறது. சால்டரிங் அயர்ன், கட்டிங் பிளேயர், அரம், சாதாரண மல்டிமீட்டர் இவையே கருவிகள். கூட்டுக்கான பித்தளைக் குழாயை நானே கடைந்துகொள்வேன். திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பி என்ன கனம், எத்தனை சுற்று என்பதுதான் பிடிபடவில்லை. எனக்காக மட்டும் ஒன்று செய்துகொண்டால் சட்டப்படி தவறா? ஜி.டி. நாயுடு சவர இயந்திரம் செய்த மண்ணில் இது முடியாதா?

வாசகர், கணபதி

அன்புள்ள தம்பி,

எத்தனை சுற்று என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் காரணத்தைச் சொல்லாமல் உங்களைத் திருப்பி அனுப்பவும் மனம் வரவில்லை. கையில் வித்தை உள்ளவருக்கு வெறும் 'கூடாது' போதாது.

முதலில் சட்டம். மின் சிகரெட்டைத் தடைசெய்யும் அவசரச் சட்டம் 2019 செப்டம்பரில் வந்தது, அந்த ஆண்டின் டிசம்பரிலேயே நாடாளுமன்றச் சட்டமாகிவிட்டது. தமிழ்நாடு அதற்கும் ஒரு வருடம் முன்பே, 2018-ல், தடை விதித்திருந்தது. மத்தியச் சட்டம் 'உற்பத்தி' என்று சொல்லும்போது பாகங்களைச் சேர்த்துப் பூட்டுவதையும் அதில் அடக்குகிறது. விற்பனைக்கா சொந்த உபயோகத்துக்கா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. உள்ளே நிகோடின் இருக்கிறதா இல்லையா என்பதும் பொருட்டல்ல. முதல் முறை அகப்பட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே, ஆமாம், தவறுதான்.

சட்டம் இல்லாவிட்டாலும் என் பதில் மாறாது. உங்களுக்கு உண்மையில் சொல்ல வேண்டியதே அதுதான்.

கொங்கு நாட்டுப் பட்டறைகள் எப்படி வளர்ந்தன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்து, அதேபோல் ஒன்று செய்து, ஓட்டிப் பார்த்து, கெட்டதும் மறுபடி பிரித்துத் திருத்திய ஊர் இது. மோட்டார் தவறாகச் சுற்றப்பட்டிருந்தால் கம்பிச்சுருள் கருகும் வாடை வரும், கிரைண்டரின் பேரிங் சரியில்லை என்றால் சத்தம் கேட்கும். பிழை கண்முன் மேசையில் வந்து விழும், அதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். நாயுடு செய்த சவர இயந்திரமும் அப்படித்தான். சிறிய மோட்டார், உலர் மின்கலம், பிளேடு. சரியாக மழிக்காவிட்டால் கண்ணாடியில் பார்த்த உடனே தெரிந்துவிடும். நீங்கள் செய்ய நினைக்கும் கருவி செய்யும் பிழை வேறு இடத்தில் போய்ச் சேருகிறது. அதைப் பார்க்கும் மீட்டர் உங்கள் பட்டறையில் மட்டுமல்ல, எந்தப் பட்டறையிலும் இல்லை.

உங்கள் மல்டிமீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். மின்தடையை அளக்கும் ஓம் பக்கம் திருப்பி, சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் ஒன்றோடொன்று தொடவிட்டுப் பாருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாது. 0.2, 0.3, சில மீட்டர்களில் 0.5 கூடக் காட்டும். அது மீட்டர் ஒயரின் சொந்த மின்தடை. இப்படிக் கருவி செய்து காட்டும் வீடியோக்களில் வரும் கம்பிச்சுருள்களோ பெரும்பாலும் ஒரு ஓமுக்குக் கீழே. மீட்டர் 0.5 என்று காட்டும் சுருள் உண்மையில் 0.2 ஓமாக இருக்கலாம். முழுதாகச் சார்ஜ் ஏறிய லித்தியம் செல் 4.2 வோல்ட் தரும். 0.5 ஓம் என்றால் சுமார் 8 ஆம்பியர், 0.2 ஓம் என்றால் 21 ஆம்பியர். லேப்டாப்பிலிருந்து எடுத்த சாதாரணச் செல் தொடர்ந்து தாங்குவது நாலைந்து ஆம்பியர். நீங்கள் நினைத்த கணக்கே செல்லுக்கு மீறியது, உண்மையான கணக்கு அதைவிட மோசம். சுருளின் இரண்டு சுற்றுகள் லேசாக உரசிக்கொண்டாலும் தடை இன்னும் இறங்கும்.

லேப்டாப்புக்குள் இருந்தபோது அந்தச் செல்லைக் காக்க ஒரு சிறிய சுற்றுப்பலகை இருந்தது. மின்னோட்டம் மிகுந்தாலோ சூடு ஏறினாலோ அது வெட்டிவிடும். நீங்கள் செல்லைப் பிரித்தபோது காவலைக் கழற்றிவிட்டீர்கள். அந்தச் செல்லைத்தான் உங்கள் திறமையால் துல்லியமாகக் கடைந்த, காற்றும் புகாத பித்தளைக் குழாய்க்குள் பூட்டப்போகிறீர்கள். உள்ளே சூடேறி வாயு கிளம்பினால் வெளியேற வழியில்லை. இதை எழுதும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அமெரிக்காவில் 2018-ல் ஃபுளோரிடாவிலும் 2019-ல் டெக்சாஸிலும் மின் சிகரெட் வெடித்து இருவர் இறந்தார்கள். கடையில் விற்கும் பொருளுக்கே அந்தக் கதி.

வெடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதில் ஊற்றும் திரவம் பெரும்பாலும் புரொப்பிலீன் கிளைகாலும் கிளிசரினும். முன்னது 188 டிகிரியில் கொதிக்கிறது, பின்னது 290-ல். கம்பியைச் சுற்றியிருக்கும் பஞ்சுத் திரி நனைந்திருக்கும்வரை சூடு அந்த எல்லைக்குள் நிற்கும். திரி காய்ந்ததும் கம்பி சிவக்கும். கிளிசரின் சிதைந்து அக்ரோலின் கிளம்பும். வாணலியில் எண்ணெய் கருகும்போது கண்ணையும் தொண்டையையும் கரிக்கிறதே, அந்தப் பொருளேதான். கூடவே ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயுவும். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு எதுவும் உங்கள் பட்டியலில் இல்லை.

சால்டரிங் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நைக்ரோமில் ஈயம் சரியாக ஒட்டாது. நீங்களே முயன்று பார்த்திருப்பீர்கள், உருண்டையாகத் திரண்டு விழும். எப்படியோ ஒட்டவைத்தாலும் நாம் வாங்கும் சாதாரணச் சால்டர் ஈயமும் வெள்ளீயமும் கலந்தது, 190 டிகிரிக்குள் உருகிவிடும். பக்கத்திலேயே சிவக்கக்கூடிய கம்பி, அதற்கடுத்து உங்கள் உதடு. மூச்சை உள்ளே இழுக்கிற வழியில் உருகும் ஈயத்துக்கு என்ன வேலை, தம்பி?

திரவத்தையும் வீட்டிலேயே கலந்துகொள்ளலாம் என்று அடுத்து யாராவது சொல்வார்கள். 2019-ல் அமெரிக்காவில் நடந்ததை அதற்காகத்தான் சொல்கிறேன். மின் சிகரெட்டால் நுரையீரல் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், 2020 பிப்ரவரி வரையிலான அரசுக் கணக்கின்படி, 2,807 பேர். இறந்தவர்கள் 68 பேர். பெரும்பாலும் நண்பரிடமோ தெருவிலோ வாங்கிய, கஞ்சாச் சத்துக் கலந்த குப்பிகள். அவற்றைக் கெட்டியாக்க வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெயைச் சேர்த்திருந்தார்கள். மாத்திரையாக விழுங்கலாம், தோலில் தடவலாம், ஒன்றும் ஆகாது. அதே எண்ணெய் நுரையீரலுக்குள் போனபோது ஆளைக் கொன்றது. கலந்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

நிகோடினும் அப்படி விளையாட்டுப் பொருள் அல்ல. அந்தியூர், பவானிப் பக்கம் புகையிலைக் காடுகளைப் பார்த்திருப்பீர்கள். ஈரமான புகையிலை இலையைக் கையாள்பவர்களுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருவது மருத்துவம் பதிந்துவைத்திருக்கும் நோய். இலையில் இருக்கும் நிகோடினே தோல் வழியாக அந்த வேலையைச் செய்கிறது. செறிவான திரவத்தைக் குழந்தைகள் நடமாடும் வீட்டில் வைக்க வேண்டாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரிட்டனில், சிகரெட்டை விட முயலும் பெரியவர்களுக்கு மின் சிகரெட்டை அரசு மருத்துவத் துறையே ஒரு வழியாகச் சொல்கிறது. உங்கள் நண்பர்கள் சொன்னதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே விற்கும் திரவத்தில் மில்லி லிட்டருக்கு 20 மில்லி கிராமுக்கு மேல் நிகோடின் இருக்கக் கூடாது, தொட்டி 2 மில்லி லிட்டரைத் தாண்டக் கூடாது, என்ன கலந்திருக்கிறது என்று அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பரிந்துரை அந்தப் பொருளுக்கு. ஹீட்டர் கம்பிக்கும் கழற்றிய செல்லுக்கும் அதைப் பொருத்திப் பேச முடியாது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வாக்கியம் கம்பியைப் பற்றியது அல்ல, 'விட வேண்டும்' என்பது. அதற்கு மருந்துக் கடையில் 2 மில்லி கிராம் நிகோடின் சூயிங்கம் கிடைக்கிறது. எத்தனை நாள், எந்த அளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பலர் அதைச் சாதாரணச் சூயிங்கம் போல மென்று துப்பிவிட்டு, பயனில்லை என்று விட்டுவிடுகிறார்கள். மெதுவாக மெல்ல வேண்டும். வாயில் காரமோ சுரீரென்ற உணர்வோ தெரிந்ததும் மெல்லுவதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவைக்க வேண்டும். அது அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். டீ, காபி குடித்து கால் மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிகோடின் சரியாக இறங்காது. நம் ஊரில் சிகரெட் பற்றுவது பேக்கரி வாசலில், டீ கிளாஸோடு. ஆகவே முதலில் கைவைக்க வேண்டிய இடம் அந்த மாலை நேர டீ. பட்டறையிலேயே வரவழைத்துக் குடியுங்கள், கொஞ்ச நாளைக்கு நண்பர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. 1800-11-2356 என்ற எண் அரசின் புகையிலை விடுப்பு உதவி எண், கட்டணம் கிடையாது. கூப்பிடுங்கள். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை.

இனி அந்த நைக்ரோம் ஆசை. அதை அப்படியே வீணாக்கச் சொல்ல மாட்டேன்.

உங்கள் பக்கத்துப் பவுண்டரிகளில் ஒரே ஒரு வார்ப்பு வேண்டும் என்றால், மரத்தில் செய்யும் மாதிரி வடிவமான பேட்டர்னுக்குப் பதில் தெர்மாகோலில் பேட்டர்ன் செய்து, மணலில் புதைத்து, அதன்மேலேயே உருகிய உலோகத்தை ஊற்றுவதுண்டு; தெர்மாகோல் எரிந்துபோய் அந்த இடத்தை உலோகம் பிடித்துக்கொள்ளும். அந்தத் தெர்மாகோலைக் கத்தியால் வெட்டினால் மணிமணியாக உதிர்கிறது. சூடான நைக்ரோம் கம்பியால் வெட்டினால் வெண்ணெய் போல வழுவழுப்பாக வரும். இந்தக் கருவிக்கு உங்களிடம் இருப்பவையே ஏறக்குறையப் போதும். ஹீட்டர் கம்பியை மட்டும் விட்டுவிடுங்கள், பலமுறை சிவந்து ஆறிய கம்பி மடக்கினால் ஒடியும். காந்திபுரத்து எலக்ட்ரானிக்ஸ் கடையில் 0.3 மில்லி மீட்டர் கனத்தில் புதிதாக வாங்குங்கள். 25 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சுமார் 4 ஓம் தடை இருக்கும். இந்த அளவை உங்கள் மீட்டர் நம்பும்படியாகவே காட்டும். 5 வோல்ட், 2 ஆம்பியர் போன் சார்ஜர் ஒன்று போதும். அதிலிருந்து ஒன்றேகால் ஆம்பியர்தான் ஓடும். சார்ஜரைப் பிரிக்க வேண்டாம், பழைய யுஎஸ்பி கேபிளின் நுனியை வெட்டிச் சிவப்பையும் கறுப்பையும் மட்டும் எடுங்கள். லித்தியம் செல் இதற்குத் தேவையே இல்லை. அவற்றின் முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

பிளைவுட் பலகையில் வில் போல ஒரு கை எழுப்பி, கம்பியை மேலும் கீழும் ஸ்க்ரூவும் வாஷரும் வைத்து இறுக்குங்கள், சால்டர் வேண்டாம். மேல்முனையில் ஒரு சின்ன ஸ்பிரிங் கட்டாயம் வேண்டும். சூடானால் கம்பி நீளும், ஸ்பிரிங் இல்லாவிட்டால் தொய்ந்து, வெட்டு வளைந்துபோகும். நீங்கள் லேத்தில் வேலை செய்கிறவர், அந்தக் கையின் நேர்க்கோட்டை எப்படிப் பிடிப்பது என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஜன்னலைத் திறந்துவைத்து வெட்டுங்கள், கம்பியின் முன்னால் குனிந்து நிற்காதீர்கள். புகை எழுந்தால் சூடு அதிகம் என்று பொருள், கம்பியின் நீளத்தை இரண்டு சென்டிமீட்டர் கூட்டிப் பாருங்கள். கம்பி சிவக்கவே கூடாது. வெட்டு நின்று நின்று போனால் சூடு போதவில்லை, ஒரு சென்டிமீட்டர் குறைத்துப் பாருங்கள். முதல் பேட்டர்னை வார்த்ததும் அதன் மேல்பரப்பு எப்படி வந்தது என்று எழுதுங்கள், அதை இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்