யு.வி. கருவி ஓடியும் வெண்புள்ளி ஏன் போகவில்லை?

கடல்நீர் மீன்தொட்டியில் யு.வி. கருவி (புறஊதா ஒளியால் நீரிலுள்ள கிருமிகளைக் கொல்லும் கருவி) பொருத்தி இரண்டு வாரமாகியும் உங்கள் டேங் (tang) எனும் கடல்மீனில் வெண்புள்ளிகள் மீண்டும் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கருவியில் பழுது இருக்க வேண்டும் என்பதில்லை. தன் வழியாக ஓடும் நீரில் உள்ளதை மட்டுமே அது கொல்லும்.

வெண்புள்ளியை உண்டாக்கும் கிரிப்டோகேரியான் ஒட்டுண்ணி சில நாட்கள் மீனின் தோலுக்கும் செவுளுக்கும் உள்ளே புதைந்து உண்டு கொழுக்கிறது. பிறகு உதிர்ந்து, மணலிலும் பாறையிலும் உறை கட்டிக்கொள்கிறது. இவ்விரு நிலைகளிலும் ஒளி அதைத் தொடுவதே இல்லை. உறை வெடித்து வரும் குஞ்சுகள் ஓரிரு நாள் நீந்தும்போதுதான் சிக்கும். அவையும் பெரும்பாலும் இருட்டில், மீன் அசையாமல் உறங்கும் வேளையில் வெளிவருகின்றன. கள்ளத்தனம்தான்!

ஆகவே எல்லா மீன்களையும் தனித் தொட்டிக்கு மாற்றித் தாமிர மருந்து கொடுங்கள். அளவைத் தினமும் சோதியுங்கள். பவளமும் இறாலும் உள்ள தொட்டியில் தாமிரம் ஒரு துளியும் விழக்கூடாது. மீன் கிடைக்காமல் ஒட்டுண்ணி அழிய, பிரதான தொட்டி 76 நாட்கள் மீனின்றி இருக்கட்டும். ஆறே வாரத்தில் பொறுமையிழந்து மீனை விட்ட நான், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

கருவியைக் கழற்ற வேண்டாம். புதிய குஞ்சுகளின் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைக்கும். நீரோட்டத்தை மெதுவாக்கி, விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் கண்ணாடி உறையைத் துடைத்து வையுங்கள். மீன் வேகமாக மூச்சு வாங்கினால் மட்டும், சிகிச்சையைத் தொடங்க நாளை வரை காத்திருக்காதீர்கள்.