நம்ம தோலுக்கு எதுக்கு சன்ஸ்கிரீன்?

மகளின் பள்ளியில் தொப்பி இல்லாவிட்டால் விளையாட விடமாட்டோம் என்கிறார்கள், சன்ஸ்கிரீன் வேறு கொடுத்தனுப்பச் சொல்கிறார்கள், மதுரை வெயிலையே பார்த்த நமக்கு இதெல்லாம் எதுக்கு என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்கு வரும் நம்மவர்கள் எல்லோரும் கேட்பதுதான்.

தொப்பி விஷயத்தில் மல்லுக்கட்டாதீர்கள், வாங்கிக் கொடுத்துவிடுங்கள். சன்ஸ்கிரீன் கதை கொஞ்சம் நீளம்.

இங்கிருந்து வடக்கே சுமார் 100 கிலோமீட்டரில் நாம்போர் என்றொரு ஊர். 1992இல் அடேல் கிரீன் என்ற விஞ்ஞானியின் குழு அந்த ஊர்க்காரர்கள் 1,621 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தது. பாதிப் பேருக்கு சன்ஸ்கிரீன் கொடுத்து, தினமும் முகம், கழுத்து, கைகளில் பூசச் சொன்னார்கள். மீதிப் பேர் வழக்கம்போல இருந்துகொள்ளலாம். பூசினேன் என்று சும்மா சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. திரும்பி வந்த பாட்டிலை எடை போட்டுப் பார்த்தார்கள்! நாலரை வருடம் இப்படி ஓடியது. தினமும் பூசியவர்களிடம் ஸ்குவாமஸ் செல் என்ற வகைத் தோல் புற்றுக்கட்டிகள் ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு. பேசல் செல் என்ற இன்னொரு வகைத் தோல் புற்றில் பெரிய வித்தியாசம் இல்லை. மேலும் பத்து வருடம் கழித்துக் கணக்கெடுத்தபோது, பூசியவர்களில் மெலனோமா என்ற ஆபத்தான தோல் புற்று வந்தவர்கள் 11 பேர், மற்றவர்களில் 22 பேர். புறங்கையில் சிலிகான் அச்சு எடுத்து, தோலின் வரிகளையும் ஒப்பிட்டார்கள். தோல் முதிர்ச்சியும் 24 சதவீதம் குறைவாம். இங்கே சன்ஸ்கிரீன் சன்ஸ்கிரீன் என்று உயிரை எடுப்பது சும்மா இல்லை.

ஆனால் அந்த ஊர்க்காரர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்கள். நம் தோலில் மெலனின் என்ற நிறமி அதிகம், புற ஊதாக் கதிரில் நல்ல பங்கை அதுவே தடுத்துவிடும். நல்ல கறுப்பாக இருப்பவர்கள் தினமும் பூச வேண்டியதில்லை, நெடுநேரம் வெளியில் இருக்கும் நாளில் பூசினால் போதும் என்று இங்குள்ள நிபுணர்களே சொல்கிறார்கள். மாநிறம் என்றால் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். என் கட்சி, பீச், கிரிக்கெட், நீச்சல் நாட்களில் கட்டாயம். ஆபீஸ் போகும் நாளில் உங்கள் இஷ்டம். நாள் முழுக்க ஏசிக்குள் இருக்கும் நமக்கு வைட்டமின் டி குறைவதுதான் அதிகம் பார்க்கிற பிரச்சினை, அதை ஜிபியிடம், அதாவது உங்கள் குடும்ப டாக்டரிடம், கேளுங்கள்.

வெயில் சுடவில்லையே என்று ஏமாறவும் வேண்டாம். சூடு வேறு, புற ஊதா வேறு. வானிலை ஆப்பில் யூவி எண்ணைப் பாருங்கள், புற ஊதாவின் அளவு அதுதான். 3 வந்தாலே பள்ளிகள் உஷாராகிவிடும். டிசம்பர் இங்கே கோடை, 12, 13 சர்வசாதாரணம்.

அப்புறம், தோலில் புற்று இருக்கிறதா என்று டாக்டர் பார்க்கும் ஸ்கின் செக் போனால் ஷூவைக் கழற்றி உள்ளங்காலையும் நகங்களையும் காட்டுங்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அபூர்வமாக மெலனோமா வந்தால் பெரும்பாலும் அங்கேதான் வரும், அதற்கு வெயில் முக்கியக் காரணமும் இல்லை.

ஜிங்க் கலந்த கிரீம் மகளின் முகத்தில் விபூதி பூசியதுபோல வெளுத்துத் தெரியும், பள்ளிக்குப் போகவே மாட்டேன் என்பாள். ஃபார்மசியில் நிறமில்லாத சன்ஸ்கிரீன் ஜெல் கேளுங்கள், எஸ்பிஎஃப் (வெயில் காக்கும் அளவு) 50.