அனுப்புநர் இடத்தில் யார் பெயரையும் எழுதலாம்

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியை, நாகர்கோவில்): என் மெயில் முகவரியிலிருந்தே எனக்கு ஒரு மெயில் வந்திருக்கிறது. என் கம்ப்யூட்டரைக் கைப்பற்றிவிட்டார்களாம். 48 மணி நேரத்துக்குள் பிட்காயினில் பணம் கட்டாவிட்டால் என் படங்களை எல்லோருக்கும் அனுப்புவார்களாம். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. மகனிடம் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

பதில்: அம்மா, முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். பணம் கட்டாதீர்கள், பதிலும் போடாதீர்கள். உங்கள் முகவரி அதில் இருப்பதால் மட்டும் யாரோ உங்கள் கணக்குக்குள் நுழைந்துவிட்டதாக ஆகாது. எத்தனை பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள்! 'அனுப்புநர்' என்ற இடத்தில் ஒரு பிள்ளை தலைமையாசிரியர் பெயரை எழுதிப் பெட்டியில் போட்டால், தபால்காரர் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். மெயிலும் அப்படித்தான். இணையத்தின் முன்னோடிகளில் ஒருவரான ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் மெயில் பரிமாற்ற விதிகளை எழுதியபோது, அன்றைய கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் இருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான். அனுப்புகிறவர் சொல்லும் பெயரைச் சரிபார்க்க அந்த விதிகளில் வழியே வைக்கவில்லை.

ஜிமெயில் என்றால், கம்ப்யூட்டரில் அந்த மெயிலைத் திறந்து மூன்று புள்ளிகளைத் தொட்டு 'ஷோ ஒரிஜினல்' என்பதைப் பாருங்கள். எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் என்ற மூன்றும் அனுப்புநர் உண்மையானவரா என்று பார்க்கப் பின்னால் வந்த சோதனைகள். அந்த வரிகளுக்குப் பக்கத்தில் 'ஃபெயில்' என்று இருந்தால், பெரும்பாலும் உங்கள் பெயரை வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள். மெயிலில் உங்கள் பழைய பாஸ்வேர்ட் இருந்தாலும் பயப்படாதீர்கள். எப்போதோ வேறொரு தளத்திலிருந்து கசிந்ததாக இருக்கும். ஆனால் அதே பாஸ்வேர்டை இன்னும் எங்காவது வைத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். மகனிடம் சொல்லுங்கள். இதில் நீங்கள் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. புகார் கொடுக்க 1930 என்ற எண் இருக்கிறது.

கேள்வி (ஜவுளி ஏற்றுமதியாளர், கரூர்): கம்பெனி டொமைனுக்கு (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் எங்கள் பெயர்) வரும் மெயிலை எல்லாம் என் சொந்த இலவச மெயில் கணக்குக்கு ஃபார்வர்ட் செய்து வைத்திருக்கிறேன். ஹாம்பர்க்கில் இருக்கும் பழைய வாடிக்கையாளர் அனுப்பிய பெட்ஷீட் ஆர்டர் எனக்கு வரவில்லை. 'டிமார்க்' என்று காரணம் சொல்லி அவருக்கே திரும்பிப் போயிருக்கிறது. மற்றவர்கள் மெயில் வருகிறது. அவரைத் தன் பாதுகாப்பு செட்டிங்கை எடுத்துவிடச் சொல்லலாமா?

பதில்: சொல்லவே சொல்லாதீர்கள், தம்பி. கோவையில் நான் மெயில் சர்வர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மில்லில், முதலாளி பெயரில் வந்த போலி மெயிலை நம்பி 6 லட்சம் ரூபாயை யாரோ ஒருவரின் கணக்குக்கு அனுப்பிவிட்டார் கணக்காளர். 30 வருடம் அங்கே உழைத்த மனிதர். அன்று மாலை அவர் உட்கார்ந்திருந்த கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இங்கே அனுப்புங்கள்' என்று உங்கள் வாடிக்கையாளர் பெயரில் நாளை யாரும் எழுதக் கூடாது என்றால், அவர் போட்டிருக்கும் அந்தப் பூட்டு இருக்கத்தான் வேண்டும்.

நடந்தது இதுதான். ஒரு மெயிலில் அனுப்புநர் பெயர் இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று உறையின் மேல், அதை சர்வர்கள் மட்டும் பார்க்கும். இன்னொன்று உள்ளே கடிதத்தில், அதுதான் உங்கள் திரையில் தெரிவது. எஸ்.பி.எஃப். உறையைச் சோதிக்கிறது: 'எங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப இந்த சர்வர்களுக்குத்தான் அனுமதி' என்று டொமைன்காரர் ஒரு பட்டியல் வெளியிட்டிருப்பார். ஹாம்பர்க் மெயிலை உங்கள் ஹோஸ்டிங் சர்வர் (உங்கள் கம்பெனி மெயிலை வாங்கி வைக்கும் சர்வர்) மறுபடி அனுப்பும்போது, பட்டியலில் இல்லாத இடத்திலிருந்து ஹாம்பர்க் பெயரில் ஒரு மெயில் போகிறது. வாங்குகிற சர்வருக்கு உங்கள் ஃபார்வர்டும் திருடனுடைய மெயிலும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

டிகிம் வேறு வகை. அது அரக்கு முத்திரை மாதிரி. எத்தனை கை மாறினாலும், உள்ளே எழுத்து மாறாதவரை முத்திரை செல்லும். அப்படியானால் உங்களுக்கு ஏன் உடைந்தது? நீங்கள் இணைத்திருந்த பழைய மெயில் ஒன்றைப் பார்த்தேன். அதன் அடியில் 'வைரஸ் சோதனை செய்யப்பட்டது' என்று உங்கள் ஹோஸ்டிங் சர்வர் ஒரு வரி சேர்த்திருக்கிறது. அந்த ஒரு வரி போதும்.

திரையில் தெரியும் பெயரோடு பொருந்துகிற விதத்தில் இந்த இரண்டில் ஒன்றாவது தேற வேண்டும் என்பதுதான் டிமார்க். இரண்டும் தேறாவிட்டால் என்ன செய்வது என்று டொமைன்காரர் அறிவித்து வைக்கலாம். உங்கள் மற்ற வாடிக்கையாளர்கள் 'ஒன்றும் செய்யாதே' என்று வைத்திருப்பார்கள், அல்லது அறிவிப்பே இருக்காது. ஹாம்பர்க்காரர் 'ரிஜெக்ட்' என்று வைத்திருக்கிறார். 2014 ஏப்ரலில் யாஹூ தன் முகவரிகளுக்கு இதே அறிவிப்பைப் போட்டபோது, உலகம் முழுவதும் குழு மெயில்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்தன. ஆக, இது உங்களுக்கு மட்டும் வந்த சோதனை இல்லை.

ஹோஸ்டிங்காரர் எஸ்.ஆர்.எஸ். போடுகிறேன் என்பார். அது உறையின் மேல் இருக்கும் அனுப்புநர் முகவரியைத் தன் டொமைனுக்கு மாற்றும். எஸ்.பி.எஃப். தேறிவிடும். ஆனால் உள்ளே ஹாம்பர்க் பெயர்தானே இருக்கிறது? பொருந்தாது, டிமார்க் விடாது. 2019இல் வந்த ஆர்க் என்ற முறையில், 'என்னிடம் வந்தபோது இது சரியாகத்தான் இருந்தது' என்று இடையில் இருக்கும் சர்வர் சாட்சி சொல்லலாம். அந்த சாட்சியை நம்புவதும் நம்பாததும் வாங்குகிறவர் இஷ்டம்.

எனவே முதலில் அந்த வைரஸ் வரியை எடுக்கச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் டிகிம் முத்திரை இட்டு அனுப்பினால், அதோடு பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அதைவிட நல்லது, ஃபார்வர்டை அடியோடு விட்டுவிடுவது. கம்பெனி மெயில் பெட்டியையே போனில் உள்ள மெயில் ஆப்பில் ஐமேப் கணக்காகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மெயில் நேரே பெட்டிக்கு வரும், நீங்கள் அங்கே போய்ப் படிப்பீர்கள், இடையில் மறு தபால் கிடையாது. இன்னொன்று: திரும்பிப்போன மெயிலில் உங்கள் சொந்த முகவரியும் அநேகமாக வாடிக்கையாளருக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு ஒரு போன் போட்டு ஆர்டரை இன்றே உறுதிசெய்துவிடுங்கள்.

கேள்வி (அச்சகம் நடத்துபவர், திருநெல்வேலி): நான் அனுப்பாத மெயில்கள் 'டெலிவரி ஆகவில்லை' என்று நூற்றுக்கணக்கில் எனக்குத் திரும்பி வருகின்றன. வைரஸா?

பதில்: முதலில் 'சென்ட்' ஃபோல்டரையும், கணக்கில் சமீபத்தில் எந்தெந்தக் கருவிகள் நுழைந்தன என்ற பட்டியலையும் பாருங்கள். அங்கே புதிதாக ஒன்றும் இல்லையென்றால், யாரோ உறையின் மேல் உங்கள் முகவரியை எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள், சேராதவை உங்கள் வாசலுக்கு வருகின்றன. பெரும்பாலும் சில நாளில் ஓய்ந்துவிடும். அவற்றில் இருக்கும் இணைப்பு எதையும் திறக்காதீர்கள். அச்சகத்துக்குச் சொந்த டொமைன் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு எஸ்.பி.எஃப். பட்டியலும் டிமார்க் அறிவிப்பும் இருக்கின்றனவா என்று டொமைன் விற்றவரிடம் கேளுங்கள். டிமார்க்கை எடுத்த எடுப்பில் 'ரிஜெக்ட்' என்று வைக்க வேண்டாம். சில வாரம் அறிக்கை மட்டும் வாங்கிப் பார்த்து, உங்கள் பில் மெயில்கள் எந்தெந்த சர்வரிலிருந்து போகின்றன என்று தெரிந்துகொண்டு பிறகு இறுக்குங்கள்.