கர்ண மோட்சம் பார்க்க வர்றவங்களுக்கு: கேள்வி பதில்

வைகாசி கடைசி சனிக்கிழமை, பாலக்கோடு பக்கம் எங்க ஊர்க் கலையரங்கத்துல சாயங்காலம் பிள்ளைங்க பரதநாட்டியம், அப்புறம் பம்பை மேளம், ராத்திரி கர்ண மோட்சம் தெருக்கூத்து, மகாபாரதத்துக் கர்ணனோட கடைசி நாள் கதை. நான் கூத்துக்கு மத்தளம் வாசிக்கிறவன். நோட்டீஸ் பார்த்துட்டு ஆளாளுக்குக் கேட்டதுக்கெல்லாம் இங்கேயே பதில் சொல்லிடறேன்.

அண்ணே, பத்து மணின்னு போட்டிருக்கே, பத்துக்கு வந்தா போதுமா? (காரிமங்கலத்துத் தம்பி)

பத்து மணிக்குக் களரி கட்டுவோம், அதாவது வாத்தியத்தோட கூத்தை ஆரம்பிப்போம். மத்தளம், ஆர்மோனியம், முகவீணைங்கற சின்ன ஊதுகுழல், தாளம் நாலும் சேர்ந்து ஒரு சுத்து வாசிச்சு, சாமி பாட்டு முடிஞ்சு, கோமாளி வேஷக் கட்டியங்காரன் வந்து ஊரையே கிண்டல் பண்ணி முடிக்கணும். கர்ணன் வெளிய வர நேரமாகும்.

ஆனா நீ எட்டு மணிக்கே வா. கொட்டாய்க்குப் பின்னாடி வேஷம் கட்டறதைப் பார்க்காம விட்டுடாத. ஒரு கையில கண்ணாடியைப் புடிச்சுக்கிட்டு, மறு கையில ஈர்க்குச்சியால புருவத்துக்கு மேல வெள்ளைப் புள்ளி வெச்சுக்கிட்டிருப்பாங்க. அந்த நேரத்துல பேச்சுக் கொடுக்காத. கிரீடமும் தோள்ல கட்டற புஜக்கட்டையும் தங்கம் மாதிரி மின்னும், தூக்கிப் பார்த்தா கனமே இருக்காது. கல்யாண முருங்கைக் கட்டையில செதுக்கி, கண்ணாடிச் சில்லு ஒட்டினது. விடிய விடிய கிறுக்கி அடிச்சு, சுழன்று சுழன்று ஆடணுமே, கனமா இருந்தா கழுத்து தாங்குமா?

பெங்களூர்ல வேலை. ரெண்டு மணி நேரத்துல சுருக்கிப் போட மாட்டீங்களா? (ஓசூர்க்காரர்)

போடலாம், கேட்டா போட்டும் கொடுக்கறாங்க. எனக்கு அதுல இஷ்டமில்லைங்க. புகழேந்திப் புலவர் பேர்ல வழங்கற இந்தக் கூத்துல உசுரே பொன்னுருவி கட்டம்தான். பதினேழாம் நாள் சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி கர்ணன் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டுப் போக வர்றான். தேரோட்டி மகன்னு அவ அவனை ஏளனமா பார்க்கறா. அவன் தன் பிறப்பைச் சொன்னதும் அவ உடைஞ்சு போறா. இதைப் பாட்டும் வசனமுமா இழுத்து இழுத்துக் கொண்டு போனாத்தான், விடியற நேரத்துல கண்ணன் வந்து புண்ணியத்தையே தானமா கேக்கறப்ப தொண்டை அடைக்கும். சுருக்கினா மிஞ்சறது அம்பும் வில்லும்தான். ஞாயித்துக்கிழமை தூங்கிக்கலாம், வாங்க.

ஒவ்வொரு வேஷம் வரும்போதும் ரெண்டு பேர் துணி புடிக்கறது எதுக்கு? (பென்னாகரம் பக்கம் ஒரு அக்கா)

அதுதான் திரைங்கக்கா. வேஷக்காரர் திரைக்குப் பின்னாடி நின்னு, தான் யாருன்னு பாட்டுல சொல்லுவார். உங்களுக்குக் கிரீடத்து நுனியும் கெச்சை (சலங்கை) கட்டின காலும் மட்டும்தான் தெரியும். திரையை விலக்கினதும் ஆளு ஒரு சுத்து சுத்தும். உங்க பையனை முன்வரிசையில உட்கார வைங்க.

தபசு மரம் ஏறுவாங்களா? எங்க மருமகளுக்கு வேண்டுதல் இருக்கு. (ஊத்தங்கரை அம்மா)

இங்க இல்லைங்கம்மா. அது திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வெச்சு நடத்தற ஊர்ல. அங்க பகல்ல பாரதம் படிப்பாங்க, ராத்திரி கூத்து. அர்ஜுனன் தபசு அன்னிக்கு நட்ட மரத்துல பாடிக்கிட்டே ஏறி, மேல இருந்து எலுமிச்சம்பழம், விபூதி எல்லாம் போடுவாங்க. பிள்ளை வரம் கேக்கறவங்க கீழ மடியேந்தி இருப்பாங்க. கடைசியில படுகளம். மண்ணுல துரியோதனனைப் பெருசா படுக்க வெச்சு, பீமன் தொடையில அடிச்ச பிறகு திரௌபதி கூந்தல் முடிவாங்க. அது தனி மேடையில ஆகற காரியம் இல்லை. உங்க பக்கத்துல பாரதம் எங்க நடக்குதுன்னு கோயில் தர்மகர்த்தாகிட்ட கேளுங்க.

எங்க பாப்பா ஆடறது அரங்கேற்றமா?

இல்லைங்க, சலங்கை பூஜை. முதல்முதலா சலங்கை கட்டி ஆடறது. அரங்கேற்றத்துக்கு இன்னும் பல உருப்படி, அதாவது தனித்தனி நடனம், படிக்கணும்.

பம்பை சத்தம் கைக்குழந்தைக்கு ஆகுமா?

ஸ்பீக்கர் பக்கம் வேண்டாம். பம்பை ரெட்டை மேளம்; ஒண்ணு மரம், ஒண்ணு வெண்கலம், ரெண்டும் சேர்ந்து இடுப்புல இருந்து முழங்கும். காவேரிப்பட்டணம் மயானக் கொள்ளைத் திருவிழா பார்த்தவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். பின்னாடி வேப்பமரத்துகிட்ட உட்காருங்க.

அன்பளிப்பு கொடுத்தா மைக்ல பேர் சொல்லுவீங்களா?

சொல்லுவோம், கட்டியங்காரன் வர்றப்ப கொடுத்தா. கர்ணன் சாகறப்ப நூறு ரூபாய நீட்டி "மாமன் பேரு, மச்சான் பேரு"ன்னு நிறுத்தச் சொன்னா, நான் மத்தளத்தை நிறுத்த மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்.

டிக்கெட் கிடையாது. ராத்திரி திரும்பிப் போக பஸ் இருக்காது, முதல் பஸ்ஸுக்குக் கூத்தும் முடிஞ்சிடும். போர்வை கொண்டு வாங்க. டீக்கடை விடிய விடிய இருக்கும்.